5 அங்குல குவாடுக்கு நம்பகமான ஃப்ளைட் கன்ட்ரோலர்: எஃப்4, எஃப்7, எச்7, எதை எடுப்பது?

தட்டான்
வணக்கம் நண்பர்களே. இதுவரை ரெடிமேட் குட்டி ட்ரோன் மட்டுமே ஓட்டியிருக்கிறேன். இப்போது 5 அங்குல ப்ராப்பெல்லர் போட்ட குவாட், அதாவது நான்கு மோட்டார் ட்ரோன், ஒன்றை நானே கட்டப் போகிறேன். ஃப்ரேமும் மோட்டாரும் வந்துவிட்டன. 6எஸ் (ஆறு செல்) பேட்டரி, இஎல்ஆர்எஸ் வகை ரேடியோ ரிசீவர், டிஜிட்டல் வீடியோ, சிக்னல் போனால் திரும்பி வர ஒரு ஜிபிஎஸ். இதுதான் திட்டம்.

குவாட்டின் மூளையான ஃப்ளைட் கன்ட்ரோலர் போர்டில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். அதில் இருக்கும் பிராசசர் சிப்பின் வகைதான் இந்த எஃப்4, எஃப்7, எச்7. ஒருவர் எஃப்405 போதும் என்கிறார், இன்னொருவர் எஃப்722-க்குக் கீழே தொடாதே என்கிறார், மூன்றாமவர் எச்743 வாங்கினால் பல வருஷத்துக்குக் கவலையில்லை என்கிறார். எனக்கு ரேஸ் ஓட்டும் எண்ணம் இல்லை. நடுவானில் கைவிடாத போர்டு வேண்டும், அவ்வளவுதான். எதைப் பார்த்து முடிவு செய்வது?

காற்றாடி
எஃப்7 எடுத்துவிடுங்கள். எஃப்405 ஓடுவது 168 மெகாஹெர்ட்ஸில், எஃப்722 ஓடுவது 216-ல். எஃப்7-ல் எல்லா யுஆர்ட்டிலும் (ரிசீவர், ஜிபிஎஸ் போன்றவை பேசும் சீரியல் இணைப்பு) சிக்னலைத் தலைகீழாக்கும் வசதி சிப்பிலேயே இருக்கிறது. எஃப்4-ல் அது கிடையாது. தலைகீழ் சிக்னல் அனுப்பும் எஸ்பஸ் ரிசீவர் போட்டால் அதற்கென்று ஒதுக்கிய பேடை, அதாவது வயர் சால்டர் செய்யும் இடத்தை, தேட வேண்டும்.

சால்டர்புகை
காற்றாடி சொன்னது சரிதான், ஆனால் தட்டான் போடுவது இஎல்ஆர்எஸ். அது பேசுவது சிஆர்எஸ்எஃப் மொழி, தலைகீழாக்கும் வேலையே அதற்கு இல்லை. எஃப்4-ன் அந்தக் குறை இவரைத் தொடாது.

தம்பி, பிராசசர் எண்ணைக் கடைசியில் பாருங்கள். நான் பலருடைய குவாட்களைப் பழுது பார்த்துக் கொடுக்கிறேன். வேகம் பத்தாமல் செத்த போர்டு ஒன்றுகூட என் மேசைக்கு வந்ததில்லை. வருவதெல்லாம் கரன்ட் பகுதி போனவை. 5 வோல்ட் ரெகுலேட்டர் கருகியிருக்கும், இல்லையென்றால் பேட்டரி வோல்டேஜ் ஏதோ ஒரு வழியில் 3.3 வோல்ட் பக்கம் புகுந்து பிராசசரையும் ஜைரோவையும் (குவாட்டின் சுழற்சியை அளக்கும் சென்சார்) சேர்த்துக் கொன்றிருக்கும்.

6எஸ் பேட்டரி முழு சார்ஜில் 25.2 வோல்ட். அது நிற்கும்போது உள்ள கணக்கு. த்ராட்டிலை முழுக்கக் கொடுத்து சட்டென்று விட்டால் இஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் போர்டு) மோட்டாரைப் பிரேக் போட்டு நிறுத்தும். அப்போது மோட்டாரே ஜெனரேட்டர் மாதிரி ஆகி கரன்ட்டைத் திருப்பித் தள்ளும். அந்த நொடியில் பேட்டரி வயரில் எழும் ஸ்பைக் 25-ஐத் தாண்டி எங்கோ போகும். போர்டில் இருக்கும் ரெகுலேட்டர் அதைத் தாங்க வேண்டும். விளம்பரத்தில் '3எஸ் முதல் 6எஸ் வரை' என்று போட்டிருந்தாலும், உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் சிப்பின் உச்ச வரம்பு 28-30 வோல்ட்தான் என்றால் அது விளிம்பில் நிற்கிற போர்டு. 36 அல்லது 40 வோல்ட் தாங்கும் சிப் போட்ட போர்டுகள் இருக்கின்றன. போர்டின் படத்தைப் பெரிதாக்கி அந்தச் சிப்பின் மேல் உள்ள எழுத்தைப் படித்து டேட்டாஷீட் தேடுங்கள். சிரமம்தான், ஆனால் பிராசசரை ஒப்பிட்டுப் பார்ப்பதை விட இதற்குத்தான் பலன் அதிகம்.

போர்டு எதுவானாலும் சரி, இஎஸ்சியின் பேட்டரி பேடில் நேரடியாக ஒரு லோ இஎஸ்ஆர் (உள் தடை குறைந்த) கெபாசிட்டர் இருந்தே ஆக வேண்டும். பெட்டியிலேயே 35 வோல்ட் ஒன்று வைத்துக் கொடுப்பார்கள். 6எஸ்-க்கு நான் 50 வோல்ட் தாங்குவதைத்தான் போடுவேன். 1000 மைக்ரோ ஃபாரட் இருந்தால் நல்லது, இடம் இல்லையென்றால் 470. கால்களை முடிந்த அளவு குட்டையாக வெட்டிச் சால்டர் செய்யுங்கள். வயர் நீள நீள அதன் வேலை குறைந்துகொண்டே போகும்.

தட்டான்
நன்றி அண்ணா. 5 வோல்ட் 2 ஆம்பியர், 3 ஆம்பியர் என்றெல்லாம் போட்டிருக்கிறார்களே, எனக்கு எவ்வளவு தேவைப்படும்?

சால்டர்புகை
ரிசீவரும் ஜிபிஎஸ்ஸும் கொஞ்சம்தான் இழுக்கும். எல்இடி பட்டை போட்டால்தான் 5 வோல்ட் பக்கம் சுமை கூடும். 2 ஆம்பியர் உண்மையான 2 ஆம்பியராக இருந்தால் உங்களுக்குத் தாராளம்.

முக்கியமானது வீடியோ டிரான்ஸ்மிட்டர். அதற்கு 9 அல்லது 10 வோல்ட் தனி ரெகுலேட்டர் இருக்கும் போர்டாகப் பாருங்கள். 5 வோல்ட் லைனில் வீடியோவைத் தொங்க விட்டால் அது இழுக்கும் இழுப்பில் மொத்த லைனும் சரியும். ரிசீவர் ஒரு கண்ணிமை நேரம் அணைந்து மீண்டும் வருவதற்குள் குவாட் தரையில் இருக்கும். விழுந்தவர் 'சிக்னல் போச்சு' என்பார். சிக்னல் போயிருக்காது, வோல்டேஜ் போயிருக்கும்.

நீள்தூரம்
எல்லாரும் போர்டைப் பற்றிப் பேசுகிறீர்கள். அதில் எந்த ஃபர்ம்வேர் (போர்டுக்குள் ஓடும் மென்பொருள்) ஓடப்போகிறது? அதைக் கேட்காமல் போர்டு சொல்ல முடியாது.

சாகசமாக ஓட்ட பீட்டாஃப்ளைட். வழிப்புள்ளி வைத்துத் தானே பறக்க, ஒரே இடத்தில் நிற்க, இறக்கை விமானத்திலும் போட, ஐநாவ். முழுத் தானியங்கி என்றால் ஆர்டுபைலட். இந்த மூன்றுக்கும் சிப்பில் வேண்டிய இடம் வேறு வேறு.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எஃப்722 எண்ணில் பெரியது, வேகத்திலும் பெரியது, ஆனால் அதன் ஃப்ளாஷ் மெமரி 512 கேபி. பழைய எஃப்405-ல் 1 எம்பி இருக்கிறது. எச்743-ல் 2 எம்பி, வேகம் 480 மெகாஹெர்ட்ஸ். ஆர்டுபைலட்டில் 1 எம்பி போர்டுகளுக்கே பல வசதிகளை வெட்டித்தான் தருகிறார்கள். முழுதாக வேண்டுமானால் 2 எம்பி. ஆர்டுபைலட் பக்கம் போகும் எண்ணம் துளி இருந்தாலும் நேராக எச்743.

எஃப்411 போட்ட மலிவு போர்டு கண்ணில் பட்டால் கடந்து போய்விடுங்கள். 512 கேபி, யுஆர்ட்டும் குறைவு. ஐநாவ் தன் 8-ஆம் பதிப்பிலிருந்து அதைக் கைகழுவிவிட்டது. முன்பு எஃப்1-க்கும் எஃப்3-க்கும் பீட்டாஃப்ளைட்டில் இதேதான் நடந்தது. நன்றாகப் பறந்துகொண்டிருந்த போர்டுகள்தான், புதிய பதிப்பு உள்ளே நுழைய இடமில்லை.

காற்றாடி
எஃப்722-ன் இடப் பிரச்சினை பீட்டாஃப்ளைட் 4.4-லேயே தீர்ந்துவிட்டதே? கிளவுட் பில்டு வந்த பிறகு நமக்கு வேண்டிய வசதியை மட்டும் டிக் செய்து ஃபர்ம்வேரைக் கட்டிக்கொள்ளலாம். என் எஃப்722-ல் ஜிபிஎஸ், டிஜிட்டல் ஓஎஸ்டி (வீடியோ மேல் தெரியும் தகவல்கள்) எல்லாம் இடிக்காமல் உட்கார்ந்திருக்கிறது.

நீள்தூரம்
இன்று உட்காரும். ஒவ்வொரு பதிப்பிலும் கோடு வளர்கிறது, சிப் வளராது. கையில் இருப்பதைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. புதிதாக வாங்குகிறவர் 512 கேபி-க்குப் போக வேண்டாம் என்றுதான் சொல்கிறேன்.

காற்றாடி
அது நியாயம். 1 எம்பி உள்ள எஃப்745 போர்டும் சில இருக்கின்றன, கிடைத்தால் பாருங்கள்.

மின்மினி
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். நானும் இதே கட்டத்தில்தான் இருக்கிறேன். ஜைரோ பற்றி யாரும் சொல்லவில்லையே? சிலர் எம்பியு6000 தவிர வேறெதையும் நம்பாதே என்கிறார்கள். கடைகளில் இருப்பதெல்லாம் பிஎம்ஐ270, இல்லாவிட்டால் ஐசிஎம்-42688-பி.

கறுப்புப்பெட்டி
நல்ல கேள்வி மின்மினி. பிளாக்பாக்ஸ் லாக் (பறத்தலின் பதிவு) பார்ப்பதே என் பொழுதுபோக்கு என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

எம்பியு6000-க்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. அதிர்வையும் மின் இரைச்சலையும் பொறுத்துக்கொள்ளும் சிப் அது. ஃப்ரேம் கொஞ்சம் ஆட்டமாக இருந்தாலும் பறந்துவிடும். ஆனால் அதன் உற்பத்தி நின்றுபோய்விட்டது. இன்று புதுப் போர்டில் அது இருந்தால் பழைய சரக்காக இருக்கும், அல்லது கழற்றியெடுத்து மீண்டும் ஒட்டியதாக இருக்கும். அதைத் தேடி அலையாதீர்கள்.

பிஎம்ஐ270 பாஷ் தயாரிப்பு. பீட்டாஃப்ளைட்டில் 3.2 கிலோஹெர்ட்ஸில் ஓடும். மற்றவை 8-ல் ஓடும்போது இது பாதிக்கும் குறைவா என்று பலருக்கு முகம் சுளிக்கும். கையில் ஸ்டிக்கைப் பிடித்து ஓட்டுகிறவருக்கு அந்த வித்தியாசம் தெரியாது. மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் முறையை டிஷாட்300 என்று வைத்துக்கொண்டால் போதும். இரைச்சல் குறைந்த, அமைதியான சிப். தட்டான் கேட்கும் வேலைக்கு எனக்குப் பிடித்தது இதுதான்.

ஐசிஎம்-42688-பி 8 கிலோஹெர்ட்ஸ் ஓடும், அளவீடும் துல்லியம். ஆனால் தனக்கு வரும் கரன்ட் சுத்தமாக இல்லையென்றால் அது எரிச்சல்படும். அவசரத்தில் வடிவமைத்த சில போர்டுகளில் பிராசசருக்கும் ஜைரோவுக்கும் ஒரே 3.3 வோல்ட் லைனைக் கொடுத்துவிட்டார்கள். லாக்கைத் திறந்தால் குவாட் அசையாத இடத்தில்கூட ஊசி ஊசியாக ஸ்பைக் நிற்கும். ஜைரோவுக்கென்று தனி எல்டிஓ ரெகுலேட்டர் வேண்டும் என்று பீட்டாஃப்ளைட் தன் வடிவமைப்பு வழிகாட்டியில் எழுதி வைத்திருப்பது இதனால்தான். அதைப் பின்பற்றிய போர்டில் இந்தச் சிப் பிரமாதமாக வேலை செய்கிறது. ஆக, சிப்பின் பெயரோடு அதற்குத் தனி எல்டிஓ உண்டா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இன்னொன்று, ஜைரோ உட்கார்ந்திருக்கும் இடம். 2.5-க்கு 3 மில்லிமீட்டர், அவ்வளவுதான் அந்தச் சிப். பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டியிருக்கும். அதற்குப் பக்கத்திலேயே ரெகுலேட்டரின் காயில் இருக்கிறதா பாருங்கள். சாம்பல் நிறத்தில் சதுரமாக, போர்டிலேயே பருமனாகத் தெரிவது அதுதான். அது சுடும் சூடு முழுக்க ஜைரோவுக்குப் போகும். சூடு ஏற ஏற ஜைரோவின் பூஜ்ஜியம் நகரும். ஆங்கிள் மோடில் (குவாட் தானே மட்டமாக நிற்கும் முறை) குவாட் மெல்ல ஒரு பக்கமாகச் சாய்ந்து நகர்வதற்கு இதுவும் ஒரு காரணம். ஜைரோ போர்டின் நடுவில், காயிலிலிருந்து தள்ளி இருந்தால் வடிவமைத்தவர் யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மின்மினி
இவ்வளவு விளக்கத்துக்கு மிக்க நன்றி. போர்டு கைக்கு வந்த பிறகு, பறக்க விடாமலே ஜைரோ நன்றாக இருக்கிறதா என்று பார்க்க முடியுமா?

கறுப்புப்பெட்டி
முடியும். யுஎஸ்பி-யில் மாட்டி, பீட்டாஃப்ளைட் கான்ஃபிகரேட்டரில் சென்சார் பக்கத்தைத் திறந்து ஜைரோ வரைபடத்தைப் பாருங்கள். போர்டு மேசையில் அசையாமல் இருக்கும்போது மூன்று கோடும் தட்டையாக ஓட வேண்டும். பிறகு ப்ராப் இல்லாமல் பேட்டரியும் கொடுத்து வீடியோ டிரான்ஸ்மிட்டரை ஆன் செய்யுங்கள். கோடு அப்போதும் அப்படியே இருக்க வேண்டும். வீடியோ ஆன் ஆனதும் கோடு தடித்தால் மின் இரைச்சல் உள்ளே வருகிறது. அப்படியே கொஞ்ச நேரம் சூடாக விட்டு மீண்டும் பாருங்கள். வீடியோ டிரான்ஸ்மிட்டர் காற்றில்லாமல் சீக்கிரம் கொதிக்கும், மேசை விசிறி ஒன்றை எதிரில் வையுங்கள். ஆன்டெனா இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.

தட்டான்
யுஆர்ட் கணக்கு சரியா பாருங்கள்: ரிசீவருக்கு ஒன்று, டிஜிட்டல் வீடியோவுக்கு ஒன்று, ஜிபிஎஸ்ஸுக்கு ஒன்று. மூன்று போதுமா?

நீள்தூரம்
இஎஸ்சி டெலிமெட்ரி லைனுக்கு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள், நான்கு. மோட்டார் சுழற்சியின் இரைச்சலை வடிகட்டும் ஆர்பிஎம் ஃபில்டருக்கு அது வேண்டாம், இருவழி டிஷாட் அதே மோட்டார் வயரிலேயே தகவலைக் கொண்டு வந்துவிடும். ஆனாலும் பின்னால் வேறு எதையாவது சேர்க்க ஆசை வரும். ஐந்து இருந்தால் நிம்மதி. எஃப்405 சிப்பில் ஆறு உண்டு. ஆனால் சிப்பில் இருப்பதும் போர்டில் பேடாக வெளியே வந்திருப்பதும் வேறு வேறு. சில போர்டுகளில் ஒரு யுஆர்ட்டை புளூடூத் சிப் பிடித்துக்கொண்டிருக்கும். வயரிங் படத்தில் ஆர்எக்ஸ், டிஎக்ஸ் இரண்டு பேடும் இருக்கிற யுஆர்ட்டை மட்டும் எண்ணுங்கள்.

ஜிபிஎஸ் மாட்டுகிறவர்களுக்கு ஒரு சின்ன விஷயம். பேட்டரி இல்லாமல் யுஎஸ்பி மாட்டினாலும் உயிர் பெறும் 4.5 வோல்ட் பேட் சில போர்டுகளில் உண்டு. ஜிபிஎஸ்ஸை அதில் கொடுத்தால் மேசையில் செட்டிங் பார்க்கும்போது பேட்டரி மாட்ட வேண்டியதில்லை. வீடியோ கொதிக்கிற பயமும் இல்லை. காந்தத் திசைகாட்டி போட வேண்டுமானால் எஸ்டிஏ, எஸ்சிஎல் என்ற இரண்டு பேடும் இருக்க வேண்டும். பீட்டாஃப்ளைட்டின் ஜிபிஎஸ் ரெஸ்க்யூ திசைகாட்டி இல்லாமலும் வேலை செய்யும். பாரோமீட்டர் இருந்தால் உயரக் கணக்கு நன்றாக இருக்கும். அதன் மேல் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் ஒட்டுங்கள். ப்ராப் காற்றும் வெயிலும் நேரடியாகப் பட்டால் அளவு தாவும்.

காற்றாடி
ஏஐஓ போர்டு எடுத்தால் என்ன? இஎஸ்சியும் கன்ட்ரோலரும் ஒரே போர்டு, வயர் தொல்லையே இல்லை.

சால்டர்புகை
3 அங்குலத்துக்குக் கீழே என்றால் ஏஐஓ எடுங்கள், அங்கே எடைதான் ராஜா. 5 அங்குலம் 6எஸ்-ல் வேண்டாம். ஒரு மோட்டாரில் புல் சுற்றி ஒரு ஃபெட் (மோட்டாருக்குக் கரன்ட்டைத் திறந்து மூடும் டிரான்சிஸ்டர்) கருகினால் மொத்தப் போர்டும் குப்பைக்குப் போகும். ஸ்டாக், அதாவது தனித்தனிப் போர்டுகளாக அடுக்கியது என்றால் கீழே இருக்கும் இஎஸ்சியை மட்டும் மாற்றலாம். ஃப்ரேமில் 30.5-க்கு 30.5 மில்லிமீட்டர் துளை இருக்கிறதா, 20-க்கு 20 இருக்கிறதா என்று முதலில் அளந்து பாருங்கள். இடம் இருந்தால் 30.5 எடுங்கள். பேடுகள் பெரிதாக இருக்கும், புதிதாகச் சால்டர் செய்கிறவர் கைக்கு அது பெரிய உதவி.

ஸ்டாக்கை ஒரே பிராண்டில் வாங்குங்கள் என்பதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. இதை எல்லாரும் கவனமாகப் படியுங்கள். கன்ட்ரோலரையும் இஎஸ்சியையும் இணைக்கிற அந்த 8 முனை ரிப்பன் வயர், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கனெக்டர். ஒரு பிராண்டின் வயர் பெரும்பாலும் இன்னொரு பிராண்டின் போர்டிலும் கச்சிதமாக உள்ளே போகும். ஆனால் முனைகளின் வரிசை பிராண்டுக்குப் பிராண்டு மாறும். ஒன்றில் பேட்டரி முனை ஓரத்தில் இருக்கும், இன்னொன்றில் அதே ஓரத்தில் மோட்டார் சிக்னல் இருக்கும். மாட்டி பேட்டரி கொடுத்தால் 25 வோல்ட் நேராகப் பிராசசரின் காலில் போய் நிற்கும். புகைகூட வராது, அமைதியாகச் செத்துப்போகும்.

வேறு வேறு பிராண்டு போட்டே ஆக வேண்டும் என்றால், இரண்டு வயரிங் படத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊசி முனையால் கனெக்டரின் சின்ன நாக்கை மெல்லத் தூக்கி, வயரை உருவி, சரியான துளையில் திரும்பச் செருகுங்கள். பிறகு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி சோதனையில் வைத்து, இஎஸ்சியின் கிரவுண்ட் பேடுக்கும் கன்ட்ரோலரின் கிரவுண்ட் பேடுக்கும் பீப் வருகிறதா, பேட்டரி பிளஸ்ஸுக்கும் மோட்டார் சிக்னல் பேடுகளுக்கும் பீப் வராமல் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். கன்ட்ரோலரும் இஎஸ்சியும் சேர்ந்தே வந்த பெட்டியாக இருந்தாலும் கிரவுண்டையும் பேட்டரியையும் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நான் மாட்டுவேன்.

மின்மினி
ஏடி32 என்று ஒரு சிப் போட்ட போர்டு விலை குறைவாக வருகிறதே, நம்பலாமா?

நீள்தூரம்
ஏடி32எஃப்435. 288 மெகாஹெர்ட்ஸ், வேகத்தில் குறை சொல்ல எதுவுமில்லை. 2021-22 வாக்கில் எஸ்டிஎம்32 சிப்புக்கு (மேலே பேசிய எஃப்4, எஃப்7, எச்7 எல்லாம் இதுதான்) பெரிய தட்டுப்பாடு வந்து விலை எகிறியபோது மாற்றாகத் தலையெடுத்தது. பீட்டாஃப்ளைட் 4.5-ல் ஓடுகிறது, ஐநாவும் 7-லிருந்து சேர்த்திருக்கிறது. பீட்டாஃப்ளைட் மட்டும் போதும் என்கிறவர் தயங்காமல் வாங்கலாம். ஆர்டுபைலட் ஆசை இருப்பவர் எஸ்டிஎம்32-லேயே இருக்கட்டும்.

கறுப்புப்பெட்டி
வாங்கும் முன் இன்னும் ஒன்று பாருங்கள். அந்தப் போர்டின் டார்கெட் பெயர் (அதற்கான ஃபர்ம்வேரின் பெயர்) பீட்டாஃப்ளைட் கான்ஃபிகரேட்டரின் பட்டியலில் இருக்கிறதா? தயாரிப்பாளர் தன் தளத்தில் மட்டும் ஒரு ஃபர்ம்வேர் கோப்பை வைத்துக்கொண்டு 'இதைப் போடுங்கள்' என்றால் அடுத்த பதிப்பு வரும்போது அநாதையாகிவிடுவீர்கள். ஒரே பெயரில் வி2, வி3, வி4 என்று போர்டு மாறும்போது ஜைரோ மாறும், டார்கெட்டும் மாறும். வி3-ன் ஃபர்ம்வேரை வி4-ல் போட்டால் சில நேரம் மோட்டார் வரிசையே புரண்டிருக்கும்.

போர்டு வந்ததும் எதையும் ஃப்ளாஷ் செய்வதற்கு முன்னால் சிஎல்ஐ-யில் (கான்ஃபிகரேட்டரில் கட்டளை எழுதும் பக்கம்) 'வெர்ஷன்', 'டிஃப் ஆல்' இரண்டு கட்டளையும் கொடுத்து, வருவதை அப்படியே ஒரு கோப்பில் சேமியுங்கள். சரியான டார்கெட் பெயர் அதில்தான் இருக்கும்.

பிளாக்பாக்ஸ் வசதியையும் மறக்காதீர்கள். போர்டிலேயே 16 எம்பி ஃப்ளாஷ் இருந்தால் ஒன்றிரண்டு பறத்தலைப் பார்க்கலாம், எஸ்டி கார்டு என்றால் நாள் முழுக்க. குவாட் விழுந்தால் போர்டா, மோட்டாரா, ரேடியோவா என்று சண்டை போடாமல் லாக்கைத் திறந்து பார்த்துவிடலாம். லாக் இல்லாத போர்டை நான் யாருக்கும் சொல்வதில்லை.

தட்டான்
எல்லாருக்கும் நன்றி. எழுதியதை எல்லாம் வைத்து வடிகட்டினேன். ஆர்டுபைலட் இப்போதைக்கு வேண்டாம். எஃப்405, பிஎம்ஐ270, 30.5 ஸ்டாக், இஎஸ்சியும் அதே பிராண்டு, 9 வோல்ட் தனி ரெகுலேட்டர், பாரோமீட்டர், எஸ்டி கார்டு. வெளியே வந்திருக்கும் யுஆர்ட் ஐந்து. டார்கெட் பட்டியலில் இருக்கிறது. ரெகுலேட்டர் சிப்பின் எழுத்து மட்டும் படத்தில் மங்கலாக இருந்தது. தயாரிப்பாளரிடமே கேட்டேன், 40 வோல்ட் தாங்கும் என்று சிப்பின் பெயரோடு பதில் அனுப்பினார்கள்.

சால்டர்புகை
கேட்டதற்குச் சிப் பெயரோடு பதில் தருகிற தயாரிப்பாளர் என்றால் எனக்கும் நம்பிக்கை வருகிறது. வாங்குங்கள்.

மாட்டும்போது நான்கு மூலையிலும் ரப்பர் குரோமெட் போட்டு, நட்டை ரப்பர் நசுங்கும் அளவுக்கு இறுக்காமல் விடுங்கள். போர்டை விரலால் தொட்டால் லேசாக ஆட வேண்டும். எந்த வயரும் போர்டை இழுத்துப் பிடித்திருக்கக் கூடாது, கொஞ்சம் தளர்வு விடுங்கள். வயர் விறைப்பாக இருந்தால் ஃப்ரேமின் அதிர்வு அது வழியாகவே ஜைரோவுக்கு ஏறிவிடும்.

முதல் தடவை பேட்டரி கொடுக்கும்போது ப்ராப் இருக்கக் கூடாது, நடுவில் ஷார்ட் இருந்தால் கரன்ட்டை வெட்டும் ஸ்மோக் ஸ்டாப்பர் இருக்க வேண்டும். வீடியோவை அப்போது கழற்றி வையுங்கள், அது இழுக்கும் கரன்ட்டையே ஷார்ட் என்று நினைத்து ஸ்டாப்பர் வெட்டிவிடலாம். 5 வோல்ட் பேடில் 5, 9 வோல்ட் பேடில் 9 வருகிறதா என்று மல்டிமீட்டரில் பார்த்த பிறகு ரிசீவர், ஜிபிஎஸ், கடைசியில் வீடியோ என்று ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

தட்டான்
சரி அண்ணா. ஈரப் புல்லில் இறக்க வேண்டி வரும், ஈரம் புகாமல் போர்டின் மேல் பூசும் கன்ஃபார்மல் கோட்டிங் அடிக்கலாமா?

சால்டர்புகை
அடிக்கலாம், ஆனால் எல்லாச் சோதனையும் முடிந்து, நாலைந்து பேட்டரி பறந்த பிறகு. அதற்கு முன் ஐசோபிரோபைல் ஆல்கஹாலில் பிரஷ் நனைத்து ஃப்ளக்ஸ் கறையைத் துடைத்து நன்றாகக் காய விடுங்கள். யுஎஸ்பி துளை, எஸ்டி கார்டு இடம், பூட் பட்டன், எல்லாக் கனெக்டர்களும், பாரோமீட்டரின் குட்டி ஓட்டை, இவற்றில் படவே கூடாது. ஸ்பிரே வேண்டாம், மெல்லிய பிரஷ்ஷால் தடவுங்கள். பெரும்பாலான கோட்டிங் அல்ட்ரா வயலட் விளக்கில் நீலமாக ஒளிரும், விட்டுப்போன இடம் அதில் பளிச்சென்று தெரிந்துவிடும்.